எம் நண்பரும் நெடுவழி ஓட்டமும்

மனிதன் ஓடுவதற்குத் தக்க காரணங்கள் பல உண்டு. மழை வந்தால் ஓடலாம். நாய் துரத்தினால் ஓடலாம். புறப்பட்டுவிட்ட பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம். கடன் கொடுத்தவர் எதிர்ப்பட்டாலும் ஓடலாம். இவற்றுள் யாதொன்றும் இன்றி, ஐம்பது பிராயத்தைக் கடந்த இருவர், கோழி கூவுமுன் எழுந்து, மதுரைத் தல்லாகுளம் பெருமாள் கோயிலருகிலிருந்து அழகர்கோயிற் சாலை வழியே ஓடி, மூன்று மணி நேரங் கழித்து, வியர்வையில் நனைந்தவராய்த் தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்து நிற்பராயின், காண்போர் யாது நினைப்பர்? புதூரில் பருத்திப்பால் விற்கும் முதியவரொருவர் எம்மிருவரையும் பல வாரங்கள் கண்ணுற்றபின் ஒருநாள் அருகில் அழைத்து, "வீட்டிலே ஏதேனும் மனத்தாங்கலா, ஐயா?" என்று குரல் தாழ்த்தி வினவினார். இல்லையென்று யாம் கூறியதை அவர் நம்பியதாகத் தோன்றவில்லை.

உண்மைக் காரணம் இது. 2023-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எம் நண்பர் எமது இல்லம் போந்து, வரும் ஜனவரியில் நடைபெறவிருந்த மாரத்தான் ஓட்டமொன்றிற்கு இருவர் பெயரையும் பதிந்துவிட்டதாகக் கூறினார். எம்மைக் கேட்டுவிட்டுப் பதியும் வழக்கம் அவரிடம் விடுதிக் காலத்திலேயே இருந்ததில்லை. மாரத்தான் என்பது 42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் ஆகும். 1908-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் அரச குடும்பத்தார் வீற்றிருந்த இடத்திற்கு எதிரே முடிவுற்ற ஓட்டத்தின் தூரம் அது. 1921-இல் அதுவே எங்கும் கொள்ளத்தக்க அளவாக விதிக்கப்பட்டது. வீற்றிருப்போர்க்கு அந்த 195 மீட்டர் ஒரு பொருட்டன்று. ஓடி வருவோரை யாரும் கலந்தாலோசித்ததாகத் தெரியவில்லை.

நண்பரின் பெயரைக் கூறினால் அவர் சினங்கொள்வார். ஆதலின் நண்பர் என்றே குறிப்போம். முப்பது ஆண்டுகளுக்கு முன் நமது கலாசாலை விடுதியில் யாமிருவரும் ஓரறையில் வாழ்ந்தோம். விளையாட்டு விழாவில் 5,000 மீட்டர் ஓட்டத்தில், அதாவது மைதானத்தைப் பன்னிரண்டரை முறை சுற்றிவரும் ஓட்டத்தில், அவர் இரண்டாண்டுகள் அடுத்தடுத்து முதற்பரிசு பெற்றார். யாமும் ஒருமுறை அவ்வோட்டத்திற் கலந்துகொண்டு கடைசிக்கு முந்தினவராக வந்தோம். கடைசியில் வந்தவர்க்குக் காலில் முள் தைத்திருந்தது என்பதையும் உண்மையின்பொருட்டுக் கூறிவிடவேண்டும். அன்று எம்மினும் ஒரு சுற்று முழுவதும் முந்திவிட்ட நண்பர், எம்மைக் கடந்து செல்லுங்கால், "தளராதே, வா" என்று சொல்லிச் சென்றார். இரக்கத்தால் கூறியதே, ஆயினும் அச்சொல் பல ஆண்டு எம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே, பயிற்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே அவர் எமக்கு அரையடி பின்னாக ஓடிவரக் கண்டபோது எம்முள் எழுந்தது வருத்தமன்று. "வயது யாரையும் விடுவதில்லையப்பா" என்று வாயளவில் ஆறுதல் கூறினோம். மனத்தளவிற் கூறிக்கொண்டது வேறு.

வாரத்தில் மூன்று நாள் சிற்றோட்டம். சனிக்கிழமை நெடு ஓட்டம். ஞாயிறு ஆலயத்திற்குரியது, அன்றியும், சனிக்கிழமை ஓடியபின் ஞாயிறன்று முழந்தாளிடுவதே ஒரு தவமாயிருந்தது. நெடு ஓட்டத்திற்கு ஒரு விதி உண்டு. ஓடும்போதே உடன் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும்; பேச்சு அறுபட்டு மூச்சு முந்துமாயின், வேகம் மிகுந்துவிட்டதென்று அறிந்து குறைத்துக்கொள்ளவேண்டும். விரைந்து ஓடுங்கால் உடம்பானது தசையிலும் ஈரலிலும் சேமித்துள்ள கிளைகோஜன் என்னும் சர்க்கரைப் பொருளையே பெரிதும் செலவிடுகிறது. அச்சேமிப்புச் சிறிது. முப்பது கிலோமீட்டரை ஒட்டி அது வற்றிப்போய், அதன்பின் கால் காலாக இல்லாமல் தவிப்போர் பலர். மெல்ல ஓடுங்கால் கொழுப்பும் மிகுதியாக எரிந்து அச்சேமிப்பைக் காக்கிறது. பல வாரங்கள் இங்ஙனம் ஓட ஓடத் தசைகளுக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகி, நெடுநேர உழைப்பைத் தாங்கும் ஆற்றல் வளர்கிறது. நியூசிலாந்து நாட்டின் ஆர்தர் லிடியார்டு என்னும் பயிற்சியாளர், 800 மீட்டர் ஓடுபவராகிய பீட்டர் ஸ்நெல் என்பாரையும் மலைச்சாலையில் 22 மைல் ஓடச் செய்தார். இரண்டு நிமிடத்திற்குள் முடியும் ஓட்டத்திற்கு இருபத்திரண்டு மைற் பயிற்சியா என்று நகைத்தோர் இருந்திருப்பர். 1960-இல் உரோம் ஒலிம்பிக்கில் ஸ்நெல் 800 மீட்டரிலும், அவரோடு பயின்ற மரி ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் பொற்பதக்கம் பெற்றனர்.

ஆகவே கைக்கடிகாரத்தினும் பேச்சே எமக்கு அளவுகோலாயிற்று. அவ்வளவுகோலை யாம் எவ்வாறு பயன்படுத்தினோம் என்பதைச் சொல்லவே இதனை எழுதப் புகுந்தோம்.

சாலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். தல்லாகுளத்திலிருந்து பந்தயத்திடல், புதூர், மூன்றுமாவடி வரையில் தெருவிளக்குகள் உண்டு. கடச்சனேந்தலைத் தாண்டினால் வெளிச்சம் விட்டுவிட்டு வரும். பின்னர் நெடுந்தூரம் இருளே. எதிரே கிராமங்களிலிருந்து பாற்பாத்திரங்களை இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் நகரை நோக்கி விரையும். அப்பன் திருப்பதியை அடையுங்கால் வாசல் தெளிக்கும் ஓசை கேட்கும். அதனையும் கடந்தால் கள்ளந்திரி. அங்கே பெரியாற்றுப் பிரதான கால்வாய். மேற்கே அரபிக்கடலுக்குச் செல்லவேண்டிய பெரியாற்று நீரைக் கர்னல் பென்னிகுயிக் அணைகட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது 1895-இல். அந்நீர் வைகையோடு கலந்து வந்து இக்கால்வாய் வழியே பாய்கிறது. கள்ளந்திரி வரையில் இருபோகம், அதற்கப்பால் ஒருபோகம் என்பது பாசனக் கணக்கு. எமக்கும் கள்ளந்திரியே எல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம். இன்னும் ஐந்தாறு கிலோமீட்டர் சென்றால் அழகர்மலை அடிவாரமும் கோயிலில் விற்கும் தோசையும் உண்டு. அத்தோசையை நினைந்து நண்பர் ஒவ்வொரு வாரமும் பெருமூச்சுவிடுவார்.

இச்சாலை அழகருடைய சாலை. சித்திரைத் திருவிழாவில் அவர் கள்ளர் கோலம் பூண்டு மலையினின்றும் இறங்கி, பொய்கைக்கரைப்பட்டி, கள்ளந்திரி, அப்பன் திருப்பதி, மூன்றுமாவடி, புதூர் என்று மண்டகப்படிதோறும் தங்கித் தங்கி மதுரைக்கு வந்து, பௌர்ணமியன்று வைகையில் இறங்குவார். யாம் வேறு சமயத்தினராயினும், சிறு பிராயத்தில் எம் பாட்டனார் தோளிலமர்ந்து தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டதுண்டு. நண்பர்க்கோ அழகர் குலதெய்வம். மெல்ல ஓடவேண்டும் என்னும் விதியைப் பற்றி அவர் கூறினார்: "அழகரும் விதிப்படி மெல்லத்தான் வருகிறார். அதனால் என்ன ஆயிற்று? தங்கை கல்யாணத்திற்கு நேரந்தவறிப் போய்ச் சேர்ந்தார்."

எவற்றைத்தான் பேசவில்லை! விடுதியிற் காலையில் ஊற்றிய கஞ்சி, எம் இருவரையும் ஒருங்கே வகுப்பினின்றும் வெளியேற்றிய பேராசிரியர், பிள்ளைகளின் படிப்பு, நிலத்தின் விலை, இறந்துபோன தோழர்கள். உரோம் ஒலிம்பிக்கைப் பற்றியும் பேசுவோம். எத்தியோப்பிய வீரர் அபெபே பிக்கிலா 1960-இல் அங்கே வெறுங்காலோடு மாரத்தான் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் முடித்து முதல்வரானார். எமக்கு அந்த வெறுங்காலே வியப்பு. நண்பர்க்கு வியப்பு வேறு. "மாலையிலே தொடங்கி இருட்டிய பின்பு முடிந்த ஓட்டமப்பா அது. அப்பியன் சாலை நெடுகிலும் சிப்பாய்கள் தீவட்டி பிடித்து நின்றார்கள். வழியெல்லாம் தீவட்டி!" என்பார். இதனை மூன்று நான்கு முறை அவர் கூறக் கேட்டிருக்கிறோம். கேட்டும் கேளாதவராயிருந்தோம்.

மற்றும் சில செய்திகளும் அவ்வாறே எம் கண்ணெதிரில் இருந்தன. நாலரை மணிக்குப் புறப்படுவோம் என்று யாம் கூறியபோது, ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார், சோம்பேறி என்றோம். யாம் ஒருநாள் கருநீலப் பனியன் அணிந்து சென்றபோது அவர் முகம் வாடிற்று. அடுத்த வாரம் எமக்கென்று வெள்ளைப் பனியன்கள் இரண்டு வாங்கி வந்தார். இஃதென்ன திடீர்ப் பரிவு என்று பரிகசித்தோம். முந்தின ஆண்டே தம் மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, நடப்பது உடம்புக்கு நல்லது என்றார். அவர் இல்லத்தில் மேசையோரம் வைத்த தண்ணீர்த் தம்ளரை அவர் முழங்கை தட்டிவிடாத நாள் அரிது. ஓடுங்கால் அவருடைய வலக்கை அடிக்கடி எம் இடமுழங்கையில் உரசும்; சிறிது விலகி ஓடப்பா என்று கடிந்துகொண்டோம்.

இவற்றினும் பெரியதொன்று உண்டு. இருளிலே அவர் பேசமாட்டார். தெருவிளக்குள்ள இடம் வரையில் சரளமாகப் பேசிவருபவர், கடச்சனேந்தலைக் கடந்ததும் "உம்", "ஆம்" என்று சுருக்கிக்கொள்வார். திரும்பி வருங்கால் கிழக்கு வெளுத்ததும் பேச்சு மீண்டும் பெருகும். யாம் விதியை எண்ணினோம். பேச்சுக் குறைவது மூச்சுக் குறைவதன் அறிகுறியன்றோ? முதற்பரிசு பெற்றவர்க்கு மூச்சு வாங்குகிறது என்று முடிவு செய்தோம். முடிவு செய்த நாம் விதிப்படி வேகத்தைக் குறைத்தோமா எனின், இல்லை. மறைப்பதில் பயனில்லை: சிறிது கூட்டினோம். அவர் மறுப்புக் கூறாமல் அரையடி பின்னே வந்துகொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆசிரியர் அறையிலே, 5,000 மீட்டர் வீரரை இருளிலே இளைக்க வைத்த கதையை யாமே கூறி மகிழ்ந்ததும் உண்டு.

2023 நவம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. இரவு முழுவதும் பெய்த மழை மூன்று மணிக்குத்தான் நின்றிருந்தது. அப்பன் திருப்பதியைக் கடந்து கள்ளந்திரியை நெருங்குங்கால், காற்றில் முறிந்த வேப்பங்கிளையொன்று சாலையின் பாதியை அடைத்துக் கிடப்பது எமது கைவிளக்கின் ஒளியிற் புலப்பட்டது. தொடைப் பருமனுள்ள கிளை. யாம் அதனைத் தாண்டிக் குதித்தோம். யாதும் கூறாமலே குதித்தோம். அடுத்த கணம் பின்னே ஓர் ஓசை.

நண்பர் முகங்குப்புற வீழ்ந்திருந்தார். உள்ளங்கைகளிலும் முழங்காலிலும் தோல் உரிந்து, புருவத்தின்மேல் பிளந்து இரத்தம் வழிந்தது. எழுப்பி உட்காரவைத்தோம். "பெரிய அடியா?" என்று கேட்டோம். அவர் அதற்கு விடையிறுக்கவில்லை. "அது என்னப்பா? கல்லா, கட்டையா?" என்றார்.

கைவிளக்கு எம் கையிலேயே இருந்தது. அதன் ஒளி கிளையின்மேல் விழுந்து, ஈர இலைகள் பளபளத்துக்கொண்டிருந்தன. அவர் முகத்திற்கும் அதற்கும் இரண்டு முழந்தான் இடைவெளி.

பாற்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். தம் துண்டைக் கிழித்துப் புருவத்தைக் கட்டினார். நகருக்கு ஏற்றிச் செல்வதாகவும் கூறினார். விடியட்டும் என்றார் நண்பர். கைபிடித்து நடத்திச் சென்று கால்வாய்ப் பாலத்தின் சுவர்மேல் அமர்த்தினோம். கீழே நீர் நிறைந்து ஓடும் ஓசை கேட்டது. அந்த ஓசையையே கேட்டுக்கொண்டிருந்தவர்போல் சிறிது நேரம் இருந்து, பின்னர் மெல்லக் கூறினார்:

"உன் பனியனைத்தான் பார்த்து வந்தேன். அது ஒருமுறை எழும்பி இறங்கிற்று. எதற்கென்று தெரியவில்லை."

நான்கு ஆண்டுகளாக அவர்க்குத் தெரியுமாம். மனைவியார்க்கும் ஊரிலுள்ள கண் டாக்டர்க்கும் அன்றி வேறெவர்க்கும் தெரியாது. எம்மிடமேனும் சொல்லியிருக்கலாமே என்றோம். "சொன்னால் நீ என்னைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு போவாய். எனக்கு ஓடவேண்டியிருந்தது. கூட ஓட உன்னையன்றி ஆள் இல்லை" என்றார்.

அப்போதுதான் யாம் கேட்கத் துணிந்தோம். இருளிலே நீ பேசாததற்கு மூச்சிளைப்பன்றோ காரணம் என்றோம். அவர் சிரித்தார், புருவம் வலித்திருக்கவேண்டும், உடனே நிறுத்திக்கொண்டார். "மூச்சுக்கு என்ன குறை? உன் காலடி ஓசையைக் கேட்டுக்கொண்டு வருவேன். கால் தேய்ந்தால் மணல், சளசளத்தால் தண்ணீர், ஓசை விரைந்தால் நீ எதற்கோ ஒதுங்குகிறாய். நான் வாயைத் திறந்தால் அது கேளாது. நீதான் சில சமயம் காரணமின்றி வேகத்தைக் கூட்டுவாய். அப்போதுதான் சற்றுக் கடினம்."

விடியும்வரை யாம் பேசவில்லை.

அந்நோயின் பெயர் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. பிறப்பிலேயே மரபணுவில் அமைந்த குறையால் விழித்திரை சிறிது சிறிதாக நலிவது. விழித்திரையில் ஒளியை வாங்கும் அணுக்கள் இருவகை. கோல் வடிவுள்ளவை மங்கிய ஒளியிலும் பக்கங்களிலும் காண்பதற்குரியவை. கூம்பு வடிவுள்ளவை பகலொளியில் நிறத்தையும் நுணுக்கத்தையும் காண்பதற்குரியவை. இந்நோயில் கோலணுக்களே முன்னர் அழியத் தொடங்குகின்றன. ஆதலின் முதலிற் போவது இருட்பார்வை. அடுத்துப் பக்கப்பார்வை சுருங்கிச் சுருங்கி, மூங்கிற்குழல் வழியே பார்ப்பது போலாகும். குழலுக்குள் அகப்பட்ட எழுத்தை அவர் நன்றாகப் படிப்பார். குழலுக்குப் புறத்தே மேசையோரத்திலுள்ள தம்ளர் அவர்க்கு இல்லை. ஆர்.பி.இ. 65 என்னும் ஒரு மரபணுவின் குறையால் வரும் பார்வைக்கேட்டிற்கு 2017-இல் அமெரிக்க நாட்டில் ஒரு மரபணு மருந்து அனுமதி பெற்றது. பிற மரபணுக்களின் குறைக்கு அது பயன்படாது. நண்பரது குறை வேறு மரபணுவைச் சார்ந்தது.

ஆறுதல் கூறுவது எம் தொழிலுக்கே உரிய நோய். காயம் ஆறும் நாட்களில் அவர் இல்லஞ் சென்று, டாக்டர் வெங்கடசாமியின் வரலாற்றை விரித்துரைத்தோம். நமது கலாசாலையில் 1938-இல் இரசாயனத்திற் பட்டம் பெற்றவர். மூட்டுவாத நோயால் விரல்கள் கோணிப்போன பின்னரும், அவ்விரல்களைக் கொண்டே கத்தி பிடிக்கப் பழகிக் கண் அறுவை வைத்தியரானவர். அரசாங்க உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்று, 1976-இல் மதுரையிலே பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர். நண்பர் முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "பெரிய மனிதர். அவருக்குக் கை போயிற்று, கண் இருந்தது" என்று கூறி, காப்பி ஆறிவிடும், குடி என்றார்.

ஜனவரி வந்தது, பெயர் பதிந்திருந்த ஓட்டத்திற்கு யாமிருவரும் செல்லவில்லை. யாம் மட்டும் சில சனிக்கிழமைகளில் அச்சாலையில் ஓடிப் பார்த்தோம். பேசுவதற்கு ஆளில்லாமையால் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதே விளங்கவில்லை. கள்ளந்திரிக்கு முன்னரே திரும்பிவிடுவோம்.

பங்குனியில் ஒருநாள் அவர் மனைவியார் கைபேசியில் அழைத்தார். "அண்ணே, இவர் விடிவதற்கு முன்னால் மொட்டைமாடிக்குப் போய்ச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார். நீளத்திற்கு இத்தனை எட்டு, அகலத்திற்கு இத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருக்கிறாராம். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரந்தான் இருக்கிறது. ஓர் எட்டு எண்ணிக்கை தவறினால் என்ன ஆகும்? நான் சொல்லிக் கேட்கவில்லை. நீங்கள் அவரைச் சாலைக்கே அழைத்துக்கொண்டு போங்கள்" என்றார். குரல் நடுங்கிற்று. அன்று மாலையே சென்றோம்.

கண்ணொளியற்ற ஓட்டக்காரர் வழிகாட்டியொருவருடன் கயிறு பிடித்து ஓடுவது பாராலிம்பிக் பந்தயங்களில் உள்ள முறை. இருவர் கைகளையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். வழிகாட்டி அவரை இழுத்துச் செல்லலாகாது. இறுதிக்கோட்டை அவர்க்கு முன்னே கடத்தலும் ஆகாது. பழைய காலணி நாடாவொன்றை இரட்டையாக முறுக்கி, இருமுனையிலும் வளையமிட்டு எமக்குரிய கயிற்றைச் செய்தோம். சாலைக்குச் செல்லுமுன் மைதானத்திலே பழகவேண்டும் என்றார் நண்பர். பழகவேண்டியவர் யார் என்பதில் எமக்கும் அவர்க்கும் கருத்து வேறுபட்டிருந்தது என்பது அங்கே சென்றபின் தெரிந்தது. அவர் தம் துண்டை எடுத்து எமது கண்களைக் கட்டினார்.

பட்டப்பகல், புல் வெட்டிய சமதரை, எத்தனையோ ஆண்டுகளாக யாம் நடந்து பழகிய மைதானம். பத்தடி நடந்தோம். "ஓடு" என்றார். ஐந்தாறு எட்டு வைத்திருப்போம். அடுத்த எட்டில் பூமியே இல்லையென்று உடம்பு முழுவதும் அலறிற்று. நின்றுவிட்டோம். கைகள் தாமே முன்னே நீண்டன. மீண்டும் முயன்றோம், மீண்டும் நின்றோம். சுவரில்லாத வெளியில் சுவரொன்று முகத்துக்கு எதிரே நிற்பதாகத் தோன்றியது. கயிற்றின் மறுமுனையில் அவர் ஒன்றும் கூறாமல் நின்றார். கட்டை அவிழ்த்தபோது யாம் கடந்த தூரத்தைப் பார்த்தோம். கிரிக்கெட்டு விளையாடும் பிள்ளைகள் இரண்டு விக்கெட்டுகளுக்கிடையே ஓடும் தூரந்தான் இருக்கும். இந்நிலையிலே அவர் எமக்குப் பின்னே நான்கு மாதம், மணிக்கணக்காக, யாம் வீம்புக்குக் கூட்டிய வேகத்திலும் ஓடி வந்திருக்கிறார்.

வழிகாட்டுதல் எளிதன்று. தொடக்கத்தில் யாம் மிகுதியாகப் பேசினோம். "முன்னே சாலை இடப்புறமாகச் சற்று வளைந்து, வளைவில் மணல் பரவியிருக்கிறது, ஆகையால்…" என்று யாம் கூறி முடிக்குமுன் மணல் காலடியில் வந்துவிடும். "சொற்பொழிவு வேண்டாமப்பா. மேடு, பள்ளம், இடம், வலம், நாய். இவை போதும்" என்றார். பின்னர் நாயிலும் இருவகை வேண்டும் என்று திருத்தினார்: படுத்த நாய், நின்ற நாய். அழகர்கோயிற் சாலையை அறிந்தவர் இப்பாகுபாட்டின் அருமையை உணர்வர். நாள் செல்லச் செல்லச் சொல்லுங் குறைந்தது. கயிறே சிறிது இறுகியும் தளர்ந்தும் பாதியைக் கூறிவிடும். இருளிலே அவர் மீண்டும் பேசத் தொடங்கினார். காலடி ஓசைக்குக் காதை ஒப்படைக்கவேண்டிய தேவை இனி அவர்க்கு இல்லை. கடச்சனேந்தலுக்கு அப்பால், முன்பு "உம்" என்று மட்டும் கேட்ட அதே இருளில், விடுதிக் கஞ்சியைப் பற்றிய கதை முழுவதையும் முதலிலிருந்து கேட்டோம்.

2024 செப்டம்பரில் பாரிஸ் நகரத்துப் பாராலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய ஸ்பெயின் நாட்டு எலேனா காங்கோஸ்ட் என்னும் அம்மையார் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தார். இறுதிக்கோட்டிற்குச் சில மீட்டரே இருக்க, அவருடைய வழிகாட்டி தசைப்பிடிப்பால் தள்ளாடினார். அவர் விழாமல் தாங்குவதற்காக அம்மையார் ஒரு கணம் கயிற்றை விட்டார். விதி மீறப்பட்டதென்று அவர் நீக்கப்பட்டார். வெண்கலப் பதக்கம் அன்று அவர்க்கு இல்லாது போயிற்று. இதனைச் செய்தித்தாளில் யாம் படித்துக் காட்டியபோது, விதி கொடியது என்று யாம் சினந்தோம். நண்பர் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தார். "அப்படியானால் வழிகாட்டி ஓடுபவரைவிட வலியவனாக இருக்கவேண்டும்" என்றார். ஆம் என்றோம். "பேசிக்கொண்டும் வரவேண்டும்." ஆம் என்றோம். "உம்" என்றார்.

அந்த "உம்"மின் பொருள் அவ்வாண்டு மார்கழியின் முதற் சனிக்கிழமை விளங்கிற்று. பனி இறங்கியிருந்தது, கோயில்களிலிருந்து ஒலிபெருக்கியிற் பாட்டுக் கேட்டது. அப்பன் திருப்பதி வரையில் வழக்கம்போற் சென்றோம். அதற்கப்பால் சாலை நேராகவும் வெறுமையாகவும் கிடந்தது. நண்பர் மாடியில் ஓடிய கதையைக் கூறிக்கொண்டே வந்தார். கயிறு, எப்போதும் எம் பக்கமே தளர்ந்திருப்பது, அன்று முன்னோக்கி மெல்ல இறுகியது. அவர் இழுக்கவில்லை, அவருடைய எட்டு நீண்டிருந்தது, அவ்வளவே. அரையடி பின்னே யார் ஓடுகிறார் என்று பார்த்தோம், யாமே. முப்பது ஆண்டுகளுக்கு முன் மைதானத்தில் எம்மைக் கடந்து சென்ற கால்கள் அவை. அச்சம் அவிழ்ந்ததும் பழைய நடை தானே திரும்பியிருந்தது. அவர் பேச்சில் ஒரு சொல்லும் அறுபடவில்லை. மோட்டார் சைக்கிளை விற்ற கதை முடிந்து, வாங்கியவர் இன்னும் பாக்கி வைத்திருக்கும் கதை தொடங்கிற்று.

"ஏனப்பா, உன் பேச்சையே காணோம்? விதி என்ன சொல்லுகிறது?" என்றார்.

முன்னே கைவிளக்கின் ஒளியில் சாலைக்குக் குறுக்கே வேகத்தடையொன்று வெளுத்துத் தோன்றியது. "மேடு" என்றோம். அதற்குமேல் ஒரு சொல்லுக்கும் எம்மிடம் மூச்சில்லை.